எழும்பூர் மணலும் வாட்ஸ்அப் வகுப்பும்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. கோல்ஃப் ஆட்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே 1830-களில் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ். பேர்தான் காலேஜ், உள்ளே படிப்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். மெட்ராஸுக்கும் அந்தக் குளிர்ந்த கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று தேடிக்கொண்டு போனால் அது எழும்பூரில், மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்து நிற்கிறது.

என் முனைவர் பட்ட ஆய்வு ஸ்காட்லாந்தைப் பற்றியதல்ல. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பேர் மட்டும் பதிந்திருந்த பிள்ளைகள், போன் வழியாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார்களா, கற்றிருந்தால் எப்படி என்பதுதான் கேள்வி. வட மாவட்டம் ஒன்றில் இரண்டு ஒன்றியங்களில் களப்பணி. இந்த மாதிரி ஆய்வேடுகளில் முதல் அத்தியாயம் வரலாறாக இருக்க வேண்டும் என்பது ஒரு சம்பிரதாயம். குருகுலத்தில் ஆரம்பித்து கூகுளில் முடியும் பத்துப் பக்கம். யாரும் படிக்கமாட்டார்கள், எழுதுகிறவர் உட்பட. நானும் அந்தப் பத்துப் பக்கத்துக்காகத்தான் பழைய ஆவணங்களைப் புரட்டப் போனேன். ஆனால் 1790-களிலும் 1820-களிலும் எழுதிவைத்தவை, நான் முந்தின வாரம் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்ததைப் போலவே இருந்தன. அதனால் அந்த அத்தியாயம் பத்துப் பக்கத்தில் அடங்க மறுத்துவிட்டது. இந்தக் கட்டுரை அதிலிருந்து வழிந்ததுதான்.

*

ஆண்ட்ரூ பெல் 1753-ல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்தவர். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒரு தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, 1787-ல் மெட்ராஸில் வந்து இறங்கினார். சாமர்த்தியசாலி. ஒரே நேரத்தில் பல பட்டாளங்களுக்குப் பாதிரியார் பதவி வாங்கி, எல்லாவற்றுக்கும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். 1789-ல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதி ஒன்று திறக்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. அதற்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். பிள்ளைகள் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பிறந்தவர்கள். பெரும்பாலோரின் தாய்மார்கள் இந்த ஊர்ப் பெண்கள்.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது பெல் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்த்தார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்து மெட்ராஸ் ஆங்கிலேயர் வாயில் மலபார் என்றால் தமிழர். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். 'கண்டுபிடித்துவிட்டேன்!' என்று கத்திக்கொண்டே விடுதிக்குத் திரும்பினாராம். ஆர்க்கிமிடீஸ் கதையின் சாயல் இதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, போகட்டும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். கடைசி வகுப்புக்குப் பாடம் சொல்லும் உதவி ஆசிரியரிடம் மணலில் எழுத்து கற்றுக்கொடுக்கச் சொன்னார் பெல். அவர் மசியவில்லை. முடியாது, சரிப்படாது என்றார். சம்பளம் வாங்குகிற ஒரு வாத்தியார், மேலே இருந்து திடீரென்று வந்து இறங்கும் புதுத் திட்டத்தை எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் அவரும் பார்த்திருக்கிறார். தமிழ்நாட்டில் எந்த ஆசிரியர் அறையிலும் இதைக் கேட்கலாம். பெல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் கொடுத்தார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். அவன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். சீக்கிரத்திலேயே விடுதியின் சுமார் இருநூறு பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

1796-ல் கணிசமான சொத்தோடு ஊர் திரும்பிய பெல், மறு வருடம் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதுதான் 'மெட்ராஸ் முறை'. ஜோசப் லங்காஸ்டர் என்ற இன்னொருவர் லண்டனில் இதையே தன் போக்கில் நடத்தி, ஒரே வாத்தியாரை வைத்து ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கணக்குக் காட்டினார். யார் முதலில் என்று இருவர் பக்கமும் பெரிய சண்டை. இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் மணல் தட்டுகள் வந்தன. மெட்ராஸ் முறை கடல்கள் தாண்டிப் பரவியது. பெல் 1832-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். சொந்த ஊருக்கு அவர் விட்டுப்போன பணத்தில் வந்ததுதான் மெட்ராஸ் காலேஜ்.

*

மணலில் எழுதுவதை பெல் 'கண்டுபிடிப்பதற்கு' ஏறக்குறைய 170 வருடங்களுக்கு முன்பே இன்னொரு ஐரோப்பியர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியர் 1623-ல் இன்றைய கர்நாடகத்தின் இக்கேரி நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு கோயில் முகப்பில் நாலு பையன்கள் கணக்குப் படிப்பதைக் கண்டார். ஒருவன் ராகம் போட்டு ஒரு வரி சொல்கிறான், சொல்லிக்கொண்டே தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுகிறான். மற்றவர்களும் அதையே பாடி அதையே எழுதுகிறார்கள். தரை நிரம்பியதும் அழித்துவிட்டு மேலே போகிறார்கள். பக்கத்தில் வாத்தியார் யாரும் இல்லை. சந்தேகம் வந்தால் ஒருவரையொருவர் கேட்டுத் திருத்திக்கொள்வோம் என்று பையன்கள் சொன்னதாகவும் அவர் குறித்திருக்கிறார்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடமும் இப்படித்தான் நடந்தது. வாத்தியார் ஒருவர், பெரிய பையன்களில் ஒருவன் சட்டாம்பிள்ளை. காலையில் போனால் முறை சொல்வது. மணலில் அரிச்சுவடி, அது கைக்கு வந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். திண்ணைப் பள்ளிகளில் கணக்கு எப்படிப் பயிலப்பட்டது என்பதை த. செந்தில்பாபு விரிவாக எழுதியிருக்கிறார். மனப்பாடம் என்றதும் நமக்கு வருகிற முகச்சுளிப்பு எவ்வளவு மேலோட்டமானது என்று அவரைப் படித்தபோது தெரிந்தது.

மணலிடம் ஒரு குணம் உண்டு. எழுத்து முடிந்த பிறகு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டுவதில்லை, விரல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்பதைப் பக்கத்தில் இருப்பவன் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 'அ'வைச் சுழியிலிருந்து ஆரம்பிக்காமல் கீழ்க்காலில் ஆரம்பித்தால் உடனே கையைப் பிடித்துவிடலாம். தப்பை ஒரு தடவை கையால் தடவினால் போதும், தப்பு இருந்த சுவடே இருக்காது.

2021 ஜூலையில் ஒரு வீட்டில் அந்தப் பிள்ளையின் அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பையன் எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் முழுக்க 'அ', அச்சுப் பிசகாமல். கீழே டீச்சரின் பச்சை டிக், கைதட்டும் பொம்மை. பையனை என் எதிரில் ஒரு 'அ' எழுதச் சொன்னேன். முதலில் வலது பக்க நேர்கோட்டைப் போட்டான். பிறகு கீழே வளைவு, கடைசியாக மேலே ஒரு வட்டத்தைக் கொண்டுவந்து ஒட்டினான். வீடு, மரம், சூரியன் வரைகிற மாதிரி அவன் 'அ'வை வரைந்துகொண்டிருந்தான். போட்டோவில் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. டீச்சர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவருக்கு வந்து சேர்ந்தது முடிந்த எழுத்து மட்டும்தான், அது வந்த வழி வரவில்லை. இப்படி வரைந்தே பழகிய கை, 'இ'யிலும் 'ஐ'யிலும் வந்து திணறியதையும், ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் அதன் முதல் எழுத்து என்ன என்பதே மறந்துபோவதையும் பிறகு பல பிள்ளைகளிடம் பார்த்தேன்.

சத்தத்துக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. திண்ணைப் பள்ளி என்றாலே சத்தம்தான், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். முப்பது குரலில் ஒரு குரலாகச் சேர்ந்து சொல்லும்போது தெரியாத பிள்ளை தெரிந்த பிள்ளையின் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகும், ஊர்த் தேரில் வடம் பிடிக்கிற மாதிரி. பின்தங்குவது யாருக்கும் தெரியாது, அவமானமும் இல்லை. கூகுள் மீட்டில் அது நடக்காது. ஒவ்வொரு குரலும் நொடியில் சிறு பங்கு தாமதித்து வருகிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு அளவு தாமதம். எல்லோரும் சேர்ந்து 'அம்மா' என்றால் அது அம்மாவாக வராது, ஓட்டில் கல் விழுகிற மாதிரி சிதறி வரும். போதாததற்கு அந்த மென்பொருள்கள் ஒருவர் பேசும்போது மற்ற சத்தங்களை அமுக்குவதற்கென்றே செய்யப்பட்டவை. அலுவலகக் கூட்டங்களுக்கு அது வசதி. ஒன்றாம் வகுப்புக்கு? 'எல்லாரும் மியூட் பண்ணுங்க' என்பதுதான் நான் கேட்ட ஒவ்வொரு ஆன்லைன் வகுப்பின் முதல் வாக்கியம். எங்கள் ஒன்றியங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரலை வகுப்பே அபூர்வம், அது தனியார் பள்ளிக் கதை. இவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்தான்.

*

இனி 1822-க்குப் போக வேண்டும். மதறாஸ் கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு கலெக்டரையும் உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதச் சொன்னார். 1826-ல் கூட்டிப் பார்த்தபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983-ல் வெளியிட்ட பிறகு இவை மேடைக்கு மேடை மேற்கோளாகிவிட்டன. தமிழ்ப் பகுதிகளில் கலெக்டர்கள் 'சூத்திரர்' என்று வகைப்படுத்திய பிள்ளைகளே அதிகம் என்பதை அவர் எடுத்துக்காட்டியது முக்கியமான விஷயம். அதே அட்டவணைகளில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தேடினால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, இருக்கிற கொஞ்சப் பேரும் பெரும்பாலும் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சேரியிலிருந்து அந்தத் திண்ணை எவ்வளவு தூரம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளியின் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வந்த பதில்களிலேயே நீளமானதும் கூர்மையானதும் பல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் எழுதியது. பல்லாரி தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஜில்லா, ஆனால் அவர் விவரிக்கிற வகுப்பறை நமக்கும் பழக்கமானதே. ஐரோப்பாவைப் போல எழுத்தின் பேரைச் சொல்லிப் பழக்காமல் மணலில் விரலால் எழுதவைத்தே ஆரம்பிக்கிறார்கள் என்கிறார். காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். இரண்டாவது வருகிறவன் கையில் ஒரு சுழி, புகழ்ச்சியும் இல்லை இகழ்ச்சியும் இல்லை. மூன்றாவது பையனிலிருந்து அடி, ஒன்று இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும்.

செலவு குறைவு, பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இது இங்கிலாந்துக்குப் போனதும் நியாயம்தான் என்று பாராட்டிவிட்டு, காம்ப்பெல் ஒரு குறையைச் சொல்கிறார். பிள்ளைகள் படிக்கிற நூல்கள் பேசுகிற மொழியில் இல்லை, பழைய செய்யுள் மொழியில் இருக்கின்றன. ஒவ்வொரு பையனும் ஏராளமான பாட்டுகளை ஒப்பிக்கிறான், கிளி சொல்வதற்கும் அவன் சொல்வதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வெள்ளைக்கார அதிகாரியின் திமிர் இதில் இல்லாமல் இல்லை. ஆனாலும் இந்த வரிகளைப் படித்தபோது எனக்கு ஒரு இரண்டாம் வகுப்புப் பெண் ஞாபகம் வந்தாள்.

அவள் தமிழ்ப் பாடத்தை ஒரு மூச்சில் வாசிப்பதை அவள் அப்பா வீடியோ எடுத்து வைத்திருந்தார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். 'எப்டி படிக்கிறா பாருங்க மேடம்.' நன்றாகத்தான் படித்தாள், விரலைக்கூட வரிக்கு வரி ஓட்டினாள். நான் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டேன். அவள் மனசுக்குள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து உதடு அசைய ஓடிவந்து அந்தச் சொல்லில் நின்று, 'நரி' என்றாள். அது 'மரம்'. புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடு வழியாக அந்தப் பாடத்தின் வீடியோவை அவள் பத்து இருபது தடவை பார்த்திருக்கிறாள். 2018-ல் புதிய பாடப்புத்தகங்களோடு அந்தக் கோடு வந்தபோது எல்லோருமே மகிழ்ந்தோம், அதிலிருக்கும் வீடியோக்களில் பல நன்றாகவே எடுக்கப்பட்டவை. அவள் காதால் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள். கண்ணுக்கு அங்கே வேலையே வரவில்லை.

இதை முட்டாள்தனம் என்று நினைத்தால் பெரிய பிழை. ஆறு வயதில் ஒரு பக்கத்தை அப்படியே நினைவில் வைத்திருப்பது சாதாரணத் திறமை இல்லை. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். வகுப்பறையில் அது தானாக நடக்கும். பக்கத்துப் பையன் 'ஏய், நீ புக்க பாக்காமயே சொல்ற' என்பான்.

*

நூலகத்தில் உட்கார்ந்து பெல்லைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. அவர் பின்னாளில் எழுதியதில், ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவு பிடிக்கிற கல்வி கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எழுதவும் கணக்குப் போடவும்கூட அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை என்கிறார். வாசிக்கத் தெரிந்தால் போதும், பைபிள் படிக்கலாம். மணலும் சட்டாம்பிள்ளையும் அவருக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அவை மலிவு என்பதே. காகிதம் வேண்டாம், மை வேண்டாம், வாத்தியார் சம்பளம் வேண்டாம். எட்டு வயது ஃப்ரிஸ்கனுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? இங்கிலாந்தே அந்த முறையில் அலுத்துப்போய் 1846-ல் சம்பளம் வாங்கும் மாணவ ஆசிரியர்களுக்கு மாறிக்கொண்டது.

கற்பிக்கும் கருவிகளின் வரலாற்றில் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது இஸ்ரோ. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. பொறியியலாக அது பெரிய சாதனை. ஆனால் பெட்டி பேசும், பெட்டிக்குக் காது கிடையாது. நாற்பத்தைந்து வருடம் கழித்து நம் கல்வித் தொலைக்காட்சிக்கும் அதே நிலைமைதான். 2019 ஆகஸ்டில் தொடங்கியபோது அது பள்ளிக்கூடத்துக்குத் துணையாகத்தான் இருந்தது. ஏழே மாதத்தில் பள்ளிக்கூடமே அதன் தலையில் வந்து விழும் என்று யார் கண்டது?

இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தது அறிவொளி. 1991-ல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது நடந்த இயக்கத்தில் முக்கியமான கருவி எது என்று கேட்டால், புத்தகத்துக்கு முன்னால் சைக்கிளைச் சொல்வார்கள். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். சாய்நாத் அதைப் பற்றி எழுதியதைப் பலர் படித்திருப்பீர்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? சொல்லிக்கொடுக்கிறவள் படிக்கிறவளிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் சம்பந்தம். பகலெல்லாம் வேலை செய்த பெண்கள் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்தார்கள், தொண்டர் எதிரில் உட்கார்ந்தார். அந்த நாட்களின் சந்தோஷத்தையும் சோர்வையும் ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கருவியைப் பற்றிய ஆய்வேடு எழுதுகிற யாரும் அதைப் படிப்பதில்லை என்பது என் துறையின் துரதிர்ஷ்டம்.

*

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, இரண்டாம் வகுப்புப் பாதியில் முதல்முறையாக வகுப்பறையைப் பார்த்தது. அதற்குச் சில நாட்கள் முன்னால், அக்டோபர் 27-ஆம் தேதி, விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள்.

கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் முடிவு. நம் ஊரில் ஒரு திட்டத்தைப் பற்றி இவ்வளவு நிதானமான ஆதாரம் கிடைப்பது அபூர்வம்.

திண்ணை திரும்பி வந்துவிட்டது என்று அப்போது மேடைகளில் பேசினார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. நான் பார்த்த மையம் ஒன்று மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. சொல்லிக்கொடுத்த அக்கா பி.எஸ்சி. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர். காலனிப் பிள்ளைகள் அந்த மண்டபத்துக்கு வரமாட்டார்கள், அவர்களுக்கு அங்கன்வாடி வாசலில் தனி மையம். யாரும் தடுக்கவில்லை, யாரும் அழைக்கவும் இல்லை. கேட்டால், 'அதுங்களுக்கு அது கிட்ட மேடம்' என்றார்கள். இது பழைய திண்ணை திரும்பியதுதான், சந்தேகமேயில்லை. ஆனால் திண்ணையில் இல்லாத ஒன்றும் இங்கே இருந்தது: இரண்டு மையங்களிலும் சரிபாதிக்கு மேல் பெண் பிள்ளைகள், சொல்லிக்கொடுப்பதும் பெண். காலனி மையத்தை நடத்திய அக்கா அதே தெருவில் பிறந்து காலேஜ் வரை போன முதல் ஆள். 1826 அட்டவணையில் இவர்கள் யாருக்கும் இடம் இருந்திருக்காது.

அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 'போன் ரீசார்ஜ் போக மிச்சம் டீ செலவு' என்றார் அந்த அக்கா, சிரித்துக்கொண்டே. மலிவாக முடிந்தது என்பது அந்தத் திட்டத்தைப் புகழும்போது தவறாமல் சொல்லப்படுகிறது. அந்த இடத்தில் எனக்கு ஜான் ஃப்ரிஸ்கன் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. அவன் பெயராவது நமக்குத் தெரியும்.

*

போன் எதற்கும் உதவாது என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கிடைத்த தரவிலேயே விலைமதிப்பானது போன் வழியாக வந்ததுதான்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒரு டீச்சர், வீடியோ அனுப்புவதை இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டார். 'அதுங்க பாக்குதா, தூங்குதா, ஒண்ணும் தெரியல. டேட்டாவும் தீந்துபோவுது.' பதிலாகப் புத்தகத்தில் நாலு வரியைக் குறிப்பிட்டு, படித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னார். சாயங்காலம் நூறுநாள் வேலைக்கோ, கட்டட வேலைக்கோ போன அம்மா அப்பாவோடு போனும் வீடு திரும்பும். ஏழு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக வர ஆரம்பிக்கும். முப்பது பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம். சமையல் கட்டில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தனித்தனியாகப் பதில் சொல்வார். 'மூணாவது வரில ஒரு எழுத்த முழுங்கிட்ட, திரும்பப் படி கண்ணு.' இதைச் செய்யச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

பிள்ளைகள் இதில் தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அனுப்புவதற்கு முன்னால் போட்டுக் கேட்பது. தடுமாறியிருந்தால் அழித்துவிட்டு மறுபடி பேசுவது. ஒரு பெண் ஐந்து தடவை அழித்ததாக அவள் அண்ணன் புகார் சொன்னான், அவனுக்கு கேம் விளையாடப் போன் வேண்டும். தன் வாசிப்பைத் தானே காதால் கேட்டுத் திருத்துவது வகுப்பறையில்கூடக் கிடைக்காத வசதி. அழிப்பதில் கூச்சமே இல்லை. தெல்லா வல்லே பார்த்த பையன்கள் மணலைத் தடவிவிட்ட மாதிரி.

டீச்சரிடம் அந்தப் பதிவுகளை ஆய்வுக்குக் கேட்டபோது பெரும்பாலானவை போயிருந்தன. போனில் இடமில்லை என்று மாதா மாதம் அழித்திருக்கிறார். எழுத்தறிவின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இது பழகிப்போன கதை. அதிகாரிகளின் அறிக்கை இருக்கும், பிள்ளைகளின் மணல் இருக்காது. மிச்சமிருந்த சில பதிவுகளைப் பெற்றோரிடம் அனுமதி வாங்கி எழுத்தில் பெயர்த்தேன்.

அதில் ஒன்று இரண்டாம் வகுப்புப் பையனுடையது. பழக்கடை பற்றிய பாடம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறான், பின்னால் ஆடு கத்துகிறது, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். 'வா... ழை... வாழை. ப... ழ... ம்... பழம். வாழைப்பழம்.' புத்தகத்தில் இருக்கிறபடி 'ழ'வை நன்றாக மடித்து, ஏதோ வெளியூர்ச் சொல்லைச் சொல்வது போலச் சொல்கிறான். இரண்டாம் தடவையும் அப்படியே. தூரத்திலிருந்து அவன் ஆயாவின் குரல் கேட்கிறது: 'என்னாடா அது? வாயப்பயமா?' சின்ன மௌனம். பையன், 'ஆமா ஆயா, வாயப்பயம்!' என்கிறான். சிரிக்கிறான். பிறகு அடுத்த சொல்லைக் கூட்டாமலே, ஒரே மூச்சில், 'கொய்யாப்பயம்' என்று படித்துவிட்டான்.

கீழே டீச்சரின் பதில் இருக்கிறது, பதினொரு நொடி. முதல் நாலு நொடி அவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.